சிறு அரங்கும் புது வரவும்

பெரிய நாடகக் குழுவொன்றில் புதிதாக ஒருவர் சேர்ந்தால், ஊதியப் பட்டியலில் ஒரு பெயர் கூடும், அவ்வளவே. நான்கைந்து பேரே உள்ள சிறு அரங்கில் ஒருவர் நுழைந்தாலோ, ஏற்கெனவே இருப்போர் நிற்கும் இடமும் பேசும் முறையும் கண்ட கனவும்கூட மாற வேண்டியிருக்கும். அதனால்தான் சிறிய குழுக்கள் பல, புதியவர்களை வருக வருக என்று அழைத்துவிட்டு, வந்தவர்களைத் திரைக்கயிறு இழுக்க நிறுத்திவிடுகின்றன. வரவேற்பு என்னும் சொல்லின் எடையை அறிந்திருந்த ஓர் அரங்கை இங்கு எடுத்து நோக்க விழைகின்றோம். போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் 1941இல் பிறந்த ராப்சோடிக் அரங்கு அது.

அரங்கின் பெயர் நம் வாசகர்களுக்குப் புதிதாயிருக்கலாம். அதன் தொடக்க நடிகருள் ஒருவர் புதியவரல்லர். அருள் சின்னப்பர் என்று நாம் அழைத்துப் பழகிய திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், அன்று கரோல் வொய்த்திவா என்னும் 21 வயது இளைஞர். பகலில் கற்சுரங்கத் தொழிலாளி. அவருடைய வரலாற்றைச் சொல்வோர் பலர் இவ்வரங்கை ஒரு பத்தியில் கடந்து குருமடத்துக்குப் போய்விடுகின்றனர். நடிகர் ஒருவரை ஆண்டவர் குருவாக்கினார் என்று மறையுரைகளில் நாமும் சொல்லியதுண்டு. ஏறியபின் தள்ளிவிடும் ஏணியாகக் கலையைக் கருதும் அந்தப் பேச்சு சரியன்று என்று இப்போது உணர்கின்றோம்.

1939இல் நாசிப் படைகள் போலந்தைக் கைப்பற்றியபின் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. போலந்து மக்களின் பண்பாட்டு வாழ்வு நசுக்கப்பட்டது. வொய்த்திவாவும் நண்பர்களும் வீடுகளுக்குள் கூடி நாடகக் காட்சிகளை நடித்துவந்தனர். புகழ்பெற்ற நடிகர் யூலியுஷ் ஒஸ்தெர்வா அவர்களை ஊக்குவித்தார். தேர்ந்த நடிகரின் கைப்பிடித்து நடப்பது அவர்களுக்கு எளிதாகவே இருந்திருக்கும். அந்த நேரத்தில்தான், 1941 கோடையில், வாதோவிச்சே ஊரிலிருந்து மியெச்சிஸ்வாவ் கொத்லார்ச்சிக் தம் மனைவியுடன் கிராக்கோவ் வந்து சேர்ந்தார். அவர் ஆசிரியர், வொய்த்திவாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், பள்ளிப் பருவத்திலேயே அவருக்கு நாடக ஆர்வத்தை ஊட்டியவர். அவ்வாண்டு பிப்ரவரியில்தான் வொய்த்திவாவின் தந்தை இறந்திருந்தார். தாயும் தமையனும் முன்னரே மறைந்துவிட்டனர். நண்பர்கள் ‘சுரங்கக் கல்லறை’ என்று அழைத்த அந்தத் தாழ்தள வீட்டில் கொத்லார்ச்சிக் தம்பதியர்க்கு இடம் கிடைத்தது.

வந்தவர் கையில் நடிக்க ஒரு பாத்திரம் கேட்டு வரவில்லை. ஒரு கொள்கையோடு வந்தார். அரங்கில் சொல்லே தலைமை ஏற்கவேண்டும். ஒப்பனை, காட்சித்திரை, பெரிய அசைவுகள் யாவும் ஒதுங்கவேண்டும். நடிகர் பாத்திரமாக மாறிவிட முயலாமல், கவிஞரின் எண்ணத்தைச் சுமந்து அவையில் வைக்கவேண்டும் என்றார். உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் ஒலித்துப் பழகுவதிலிருந்து தொடங்கவைத்தார். நன்றாக நடிப்பதாக ஏற்கெனவே பாராட்டுப் பெற்றிருந்த இளைஞர்களிடம், அரிச்சுவடியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள் என்று சொல்வது எளிதன்று. அதைக் கேட்டுக்கொள்வது அதனினும் அரிது. அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அரங்கின் உண்மையான பிறப்பு அதுவே என்பது நமது துணிபு. எருசலேமில் சீடர் யாவரும் அஞ்சி ஒதுங்கியபோது, சவுலைத் திருத்தூதரிடம் அழைத்துச் சென்ற பர்னபாவை ஈண்டு நினைக்கின்றோம். அழைத்துவந்த பர்னபா பின்னர் இரண்டாம் இடத்தில் நிற்கவேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 22ஆம் நாள் குழு முறையாக அமைந்தது. கொத்லார்ச்சிக், வொய்த்திவா, ஹலினா குருலிகியேவிச், கிறிஸ்தினா தெம்போவ்ஸ்கா, தனுத்தா மிஹவோவ்ஸ்கா ஆகிய ஐவர். மிஹவோவ்ஸ்காவுக்கு அப்போது பதினெட்டு வயதுதான். நவம்பர் 1ஆம் நாள், அனைத்துப் புனிதர் திருவிழாவன்று, ஸ்வோவாத்ஸ்கியின் ‘ஆவி அரசன்’ காவியம் முதல் நிகழ்ச்சியாயிற்று. சன்னல் மூடிய அறை, குறைந்த பொருள்கள், அறையில் அடங்குமளவு பார்வையாளர். பிடிபட்டால் வதைமுகாம், அல்லது சாவு. போர்க்காலம் முழுவதும் 7 படைப்புகள், 22 நிகழ்ச்சிகள். 1942இல் மித்ஸ்கியேவிச்சின் ‘பான் ததேயுஷ்’ நிகழ்ந்துகொண்டிருக்கையில், தெருவிலிருந்த ஒலிபெருக்கி செருமானியரின் வெற்றிச் செய்திகளை முழங்கத் தொடங்கியது. வொய்த்திவா குரலை உயர்த்தவுமில்லை, நிறுத்தவுமில்லை. அதே அளவில் சொல்லிக்கொண்டேபோனார். அந்த அமைதி பயிற்சியால் வந்தது. எழுத்தெழுத்தாக ஒலித்துப் பழகியதன் பயன் அன்று தெரிந்தது.

இவ்வளவு சொல்லியும் இவ்வரங்கின் கொள்கையை நாம் முழுதும் ஏற்கவில்லை. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் படிக்கும் நாம், வாக்கானவர் வெறும் வாக்காகவே நின்றுவிடவில்லை என்பதை மறக்கலாகாது. அவர் ஊன் எடுத்தார். கை நீட்டித் தொழுநோயாளரைத் தொட்டார். குனிந்து மண்ணில் எழுதினார். உடலின் அசைவை வேலைக்காரனைப்போல் வாயிற்படியில் நிறுத்தும் அரங்கு, மனுவுருவாதலின் பாதியைத்தான் பேசுகின்றது. கூத்தும் அடவும் அறிந்த மண்ணில் வளர்ந்த நமக்கு இது விரைவில் உறைக்கும். போருக்குப்பின் 1945இல் அரங்கு வெளிப்படையாக இயங்கத் தொடங்கிப் புதிய நடிகர்கள் பலர் சேர்ந்தபோது, அவர்களும் அதே குரல்முறைக்குள்தான் வரவேண்டியிருந்தது. உடலால் பேசத் தெரிந்த ஒருவருக்கு அங்கு என்ன இடம் இருந்திருக்கும்? கொத்லார்ச்சிக் தமக்குக் கிடைத்த வரவேற்பைத் தமக்குப்பின் வந்தோர்க்கு அதே அளவில் வழங்கினாரா என்பதில் நமக்கு ஐயமுண்டு. அந்திரேய் யாவியென் என்னும் புனைபெயரில் அரங்கைப்பற்றிக் கத்தோலிக்க வார இதழில் எழுதிய வொய்த்திவா, சொல்லின் தலைமையை ஆதரித்தே எழுதினார். மாணவரின் நன்றியுணர்வு திறனாய்வாளரின் கண்ணைச் சற்றே மறைத்தது போலும்!

ஆயினும் வரவேற்பின் இன்னொரு பக்கத்தில் இவ்வரங்கு தேறியது என்றே சொல்வோம். 1942இல் வொய்த்திவா தாம் குருத்துவத்துக்குப் போவதாகவும், இனித் தமக்குப் பாத்திரங்கள் வேண்டா என்றும் கூறினார். கொத்லார்ச்சிக் மன்றாடிப் பார்த்தார். ததேயுஷ் குட்லிங்ஸ்கி என்னும் நண்பர் ஓர் இரவு முழுவதும் வாதாடினார். தாலந்து உவமையைக்கூட எடுத்துக்காட்டினார். நற்செய்தியை வைத்தே ஒருவரைக் குருமடத்திலிருந்து தடுக்கப் பார்த்த அந்த அன்பரை நினைத்தால் நமக்குப் புன்னகை வருகின்றது. அவர் அசையவில்லை. அவர்களும் அவரைத் துரோகியாக்கவில்லை. 1943 வரை அவர் உடன் நடித்தார், நட்பு முறியவேயில்லை. 1953இல் ஆட்சியாளர் அரங்கை மூடினர். 1957இல் அது மீண்டும் திறந்தது. 1967இல் நிலையாக மூடப்பட்டது. சொற்கலைபற்றிக் கொத்லார்ச்சிக் எழுதிய நூல் 1975இல் உரோமையில் வெளிவந்தபோது, அதற்கு முன்னுரை வழங்கியவர் கர்தினால் வொய்த்திவா. 1978 பிப்ரவரியில் கொத்லார்ச்சிக் இறந்தார். தம் மாணவர் திருத்தந்தையாவதைக் காண அவருக்கு எட்டு மாதங்கள் குறைந்துபோயின.

இவற்றை எழுதுகையில் நமது பங்கில் நடந்த ஒன்று நெஞ்சில் முள்ளாய்க் குத்துகின்றது. சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்தில் பாஸ்கா நாடகத்துக்கான ஒத்திகை. குடிபெயர்ந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், பிலாத்துவின் மனைவி கனவு கண்டு கலங்கும் காட்சியைப் புதிதாய் எழுதிக்கொண்டு வந்தான். தலைமுறை தலைமுறையாய் இப்படித்தான் நடக்கிறது, தம்பி. நீ இந்த ஆண்டு தீப்பந்தம் பிடி, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றோம். தாளை நாம் வாங்கிக்கூடப் படிக்கவில்லை. அவன் பந்தம் பிடித்தான். மறு ஆண்டு வரவில்லை.

ஐவருள் இளையவரான மிஹவோவ்ஸ்கா பின்னாளில் ராப்சோடிக் அரங்கைவிட்டு வெளியேறித் தனி நடிகராக, தமக்கென ஓர் அரங்கை நடத்தினார். கிராக்கோவ் நாடகப் பள்ளியில் பல தலைமுறையினரைப் பயிற்றினார். அவரே ஒரு நாடகம் எழுதினார். புனித அகுஸ்தினாரோடு வாழ்ந்து, அவருக்கு ஒரு மகனைப் பெற்றுக் கொடுத்து, பின்னர் அனுப்பப்பட்ட பெண்ணைப் பற்றியது அது. அகுஸ்தினார் தம் நூலில் அப்பெண்ணின் பெயரை எழுதவில்லை. நாடகத்தின் தலைப்பும் ‘பெயரில்லாத நான்’ என்பதுதான். அரிச்சுவடியிலிருந்து குரல் பயின்ற பதினெட்டு வயதுப் பெண், பெயரற்ற ஒருத்திக்குக் குரல் கொடுத்தார்.

நம் இளைஞனின் தாளில் பிலாத்துவின் மனைவி என்ன பேசினாள் என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது.