பச்சைச் சட்டையும் பழைய புண்ணும்

சாலையின் ஒருபுறம் வேலியிட்ட பசும்புல் தரை. சீருடை அணிந்த வெள்ளைச் சிறுவர்கள் அங்கே ரக்பி பயில்கின்றனர். மறுபுறம் புழுதித் திடல். கறுப்புச் சிறுவர்கள் கால்பந்து ஆடுகின்றனர். நடுவே கார்கள் விரைகின்றன. 27 ஆண்டுச் சிறைவாசம் முடிந்து, 1990 பிப்ரவரி 11 அன்று விடுதலை பெற்ற நெல்சன் மண்டேலா அவற்றில் ஒன்றில் அமர்ந்திருக்கிறார். புழுதித் திடலில் ஆரவாரம் எழுகிறது. புல்தரையில் வெறுப்பு மண்டிய மௌனம். கிளிண்ட் ஈஸ்ட்வுட் இயக்கி 2009இல் வெளிவந்த 'இன்விக்டஸ்' இவ்வாறுதான் தொடங்குகிறது. ஒரு நாட்டின் நோயை இரண்டு திடல்களைக் கொண்டே காட்டிவிட்ட திறனை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஜான் கார்லின் எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டது இப்படம். 1994இல் குடியரசுத் தலைவரான மண்டேலா, மறு ஆண்டு தம் நாட்டில் நடந்த உலகக்கோப்பை ரக்பிப் போட்டியை நாட்டை ஒன்றிணைக்கும் கருவியாக்கிக் கொண்ட கதை. மண்டேலாவாக மார்கன் ஃப்ரீமனும், அணித்தலைவர் ஃபிரான்சுவா பீனாராக மேட் டேமனும் நடித்துள்ளனர். ஃப்ரீமனின் நடை, குரல், நிதானம் ஆகியவற்றில் நடிப்பென்றே தோன்றாத நடிப்பைக் காண்கிறோம்.

படத்தின் உயிர்நிலை விளையாட்டுக் கழகக் கூட்டக் காட்சியேயாகும். துள்ளுமான் சின்னமும் பச்சைச் சட்டையும் கறுப்பின மக்களுக்கு அடிமைத்தளையின் அடையாளங்கள். அவற்றை ஒழித்துவிட வேண்டுமென்று கூட்டம் முடிவெடுக்கிறது. மண்டேலா விரைந்து வந்து, அவர்கள் போற்றுவதைப் பறித்தால் அவர்களை நிரந்தரமாக இழந்துவிடுவோம் என்று வாதாடுகிறார். மிகச்சிறு வாக்கு வேறுபாட்டில்தான் வெல்கிறார். இதனை வெறும் பெருந்தன்மை என்று கொள்வோர் படத்தைப் பாதிதான் பார்த்தவராவர். இராணுவமும் காவல்துறையும் வங்கிகளும் இன்னும் யார் கையில் இருந்தன என்பதை அறிந்த ஓர் அரசியல் வல்லுநரின் கணக்கும் அதில் இருக்கிறது. மன்னிப்பும் மதிநுட்பமும் ஒன்றாய்க் கலந்து நிற்பதை ஃப்ரீமன் அழகுறக் காட்டுகிறார்.

ஆயினும் நம் மனம் முழுமையாக அமைதியுறவில்லை. ரக்பி வெள்ளையரின் ஆட்டம், கால்பந்து கறுப்பரின் ஆட்டம் என்று படம் கோடு கிழித்துவிடுகிறது. உண்மை அவ்வளவு எளிதன்று. டச்சுக்காரர் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இந்தியக் கரைகளிலிருந்தும் அடிமைகளாகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் கொண்டுசென்ற மக்களின் வழிவந்த கேப் டவுன் முஸ்லிம்கள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ரக்பி ஆடி வந்தவர்கள். வெள்ளையர் அல்லாதாருக்கான ரக்பிச் சங்கம் அங்கே 1886இலேயே தோன்றிவிட்டது. கிழக்குக் கேப் பகுதியின் கறுப்பின மக்களிடையேயும் இவ்வாட்டம் வேரூன்றியிருந்தது. சீர்கெட்ட சமுதாயத்தில் சீரான விளையாட்டு இருக்கவொண்ணாது என்ற முழக்கத்தை உலகறியச் செய்தவர் ஹசன் ஹோவா. 1992இல் இரு தரப்புச் சங்கங்களும் இணைந்தபோது வெள்ளையரின் தரப்பில் டேனி கிரேவனும், மறுதரப்பில் இப்ராஹீம் படேலும் நின்றனர். இவர்களுள் ஒருவரும் படத்தில் இல்லை. மண்டேலா வெள்ளையரின் ஆட்டத்தைக் கறுப்பருக்குக் கொணர்ந்து கொடுத்ததாகவே படம் பார்ப்போர் எண்ணுவர். உண்மையில், தலைமுறைகளாய் ஆடியவர்களுக்கு மூடப்பட்டிருந்த கதவு அப்போதுதான் திறந்தது. இந்த வேறுபாடு சிறியதன்று. கொடுப்பவர், பெறுபவர் என்ற நிலையில் பார்ப்பதற்கும், உரிமை இழந்தவர் மீண்டும் பெறுவதாகப் பார்ப்பதற்கும் நெடுந்தொலைவு உண்டு.

தலைப்பிலும் ஒரு மாற்றம் புகுந்துள்ளது. மண்டேலா ஹென்லியின் கவிதையைப் பீனாருக்கு எழுதித் தருவதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அவர் தந்தது, அமெரிக்கத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் 1910இல் பாரிசில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி. கதைக்காகச் செய்த மாற்றம்தான். பெருங்குற்றமாகக் கொள்ள வேண்டுவதில்லை.

1995 ஜூன் 24 அன்று ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் அரங்கில் நடந்த இறுதியாட்டத்துக்குப் படம் நீண்ட இடம் ஒதுக்கியுள்ளது. ரக்பி அறியாத நமக்கு அதில் பாதி சலிப்பே. பீனாரின் 6ஆம் எண் பச்சைச் சட்டையணிந்து மண்டேலா களத்தில் இறங்க, பெரும்பாலும் வெள்ளையரான கூட்டம் அவர் பெயரை முழங்கும் கட்டம் மட்டும் நெஞ்சை உருக்குகிறது. அது வரலாற்றில் நடந்ததே. கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்டிரான்ஸ்கியின் உதையால் நியூசிலாந்தை 15–12 என்று வென்றனர். அரங்கின் வெளியே, விரட்டியடித்த காவலரின் வானொலிக்கு மெல்ல மெல்ல நெருங்கி, இறுதியில் அவர்களோடு ஆடிப்பாடும் கறுப்புச் சிறுவனையும் காண்கிறோம். இனிய காட்சிதான். மறுநாள் காலை அதே காவலர் அச்சிறுவனை எப்படி நடத்தினர் என்று படம் கேட்கவில்லை.

அவ்வணியில் வெள்ளையர் அல்லாத ஒரே வீரர் செஸ்டர் வில்லியம்ஸ். மேற்குச் சமோவாவுடனான காலிறுதியில் நான்கு முறை எல்லை கடந்து பந்தை வைத்தவர் அவர். சேரிச் சிறுவர்கள் அவரைச் சூழ்ந்து கொண்டாடும் காட்சியைப் படம் மகிழ்வுடன் காட்டுகிறது. ஆனால் சக வீரர்கள் சிலர் தம்மை இனப்பெயர் சொல்லி இழிவுபடுத்தியதை 2002இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் வெளிப்படுத்தியிருந்தார். ஏழாண்டுகள் கழித்து எடுக்கப்பட்ட படத்தில் அதன் நிழல்கூடப் படியவில்லை. நல்லிணக்கத்தைப் பாடவந்த படம், அதற்கு விலை கொடுத்தவரைப் பேசவிடாதது ஏன்?

2019 நவம்பர் 2 அன்று யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32–12 என்று வென்று தென்னாப்பிரிக்கா மீண்டும் அக்கோப்பையைப் பெற்றபோது, அதே 6ஆம் எண் சட்டையணிந்து அணியை நடத்தியவர் சியா கோலிசி. உலகக்கோப்பையை ஏந்திய முதல் கறுப்பின அணித்தலைவர். 1995இல் அவர் நான்கு வயது நிரம்பிய குழந்தை. செஸ்டர் வில்லியம்ஸ் அதைக் காணவில்லை. ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்னர், செப்டம்பர் 6 அன்று, தமது 49ஆம் வயதில் காலமாகியிருந்தார்.