மாற்றெழுத்தும் மூலபாடமும்: தமிழ் மின்னூல்களில் சுருங்குறித்தொடர் வழித் திருத்தம் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்குத் தமிழ் நூல்கள் மாறிய காலத்தில் பதிப்பாசிரியர்கள் ஒவ்வோர் எழுத்தையும் ஐயுற்றே படிக்க வேண்டியிருந்தது. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுதல் அருகிய வழக்கு. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேற்றுமை தெரிவதில்லை. ரகரமும் ஆகாரக் குறியும் ஒன்றுபோல் நிற்கும். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையும், அதே ஆண்டில் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும் இவ்வையங்களைச் சொல்லின் பொருளும் செய்யுளின் யாப்பும் கொண்டு தீர்த்தனர்.

அச்சிலிருந்து கணினிக்கு நூல்கள் பெயரும் இக்காலத்தில் அதே ஐயம் வேறு வடிவில் மீண்டுள்ளது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலாகப் புலம்பெயர்ந்த தமிழரும் தாயகத் தமிழரும் இணைந்து உள்ளிட்ட மின்னூல்கள் பல. அவற்றுள் முதற்காலத்தன பலவும் ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சாகிப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டவை. மாற்றத்திற்கும் அதன் பின்னரான திருத்தத்திற்கும் பெரிதும் கைகொடுப்பது, ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனக் கணினியாளர் வழங்கும் சுருங்குறித்தொடர். கட்டளைவரியில் இடும் ஒற்றை வரியால் ஆயிரம் பக்கங்களை ஒரு நொடியில் திருத்தும் ஆற்றல் இதற்குண்டு. அவ்வாற்றல் மூலபாடத்துக்கு எவ்வளவு நன்மை செய்கிறது, எங்கே ஊறு விளைக்கிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கருவியின் பிறப்பும் இயல்பும்

சுருங்குறித்தொடரின் கணித அடிப்படையை 1956இல் வெளியான தம் கட்டுரையில் ஸ்டீபன் கிளீனி வகுத்தார். கென் தாம்சன் 1968இல் அதனை உரைத்தேடலுக்குரிய செய்ந்நிரலாக்கினார். பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் வளர்ந்த 1970களில் தேடுவதற்குக் ‘கிரெப்’, மாற்றுவதற்குச் ‘செட்’ என்னும் கருவிகள் தோன்றின. செட், கோப்பை வரிவரியாகப் படித்து, குறித்த கோலம் பொருந்துமிடத்தில் வேறொன்றை இட்டு வெளித்தள்ளுவது. ‘அனைத்தும்’ என்னும் குறி இடப்படாவிடின் ஒரு வரியில் முதற் பொருத்தத்தை மட்டுமே மாற்றும். மூலக் கோப்பின்மேலேயே எழுதுமாறும் அதனைப் பணிக்கலாம்.

இக்கருவிகள் பிறந்த சூழலில் ஓர் எழுத்து என்பது ஒரு பைட்டு. ஆங்கில நெடுங்கணக்கில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தும் கணினி எண்ணும் அலகும் ஒன்றே. தமிழில் அவ்வாறில்லை. இடர்ப்பாடுகளின் வேர் இங்கேயே உள்ளது.

எழுத்தின் அலகு

ஒருங்குறியில் ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியுமாகிய இரண்டு குறியிடங்கள். பரவலாக வழங்கும் எட்டுத்துண்டுக் குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியிடமும் மூன்று பைட்டு கொள்ளும். ஆகவே ‘கி’ ஆறு பைட்டுகள். கணினியின் மொழிச்சூழல் சரியாக அமையாதபோது, ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்று பொருள்படும் புள்ளிக்குறி ககரத்தின் மூன்றிலொரு பகுதியை மட்டும் பற்றிச் சிதைக்கும். சூழல் சரியாக அமைந்தாலும் ககரத்தைப் பற்றி இகரக் குறியைத் தனியே விட்டுவிடும்.

சதுர அடைப்பின் இயல்பும் இத்தகையதே. [கி] என்று எழுதுவோர் கருதுவது ‘கி’ என்னும் எழுத்து; கருவி கொள்வதோ ‘ககரம் அல்லது இகரக் குறி’. உயிர்மெய்களுள் ஒன்றைத் தெரிய அடைப்பு பயன்படாது. (கா|கி|கு) என விரித்தெழுதுவதே முறை. [க-ன] என்று எழுதினால் பதினெட்டு மெய்வரிசையும் அடங்கும் என எண்ணுவது தமிழ் நெடுங்கணக்கைக் கற்றவரின் இயல்பு. குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்பதால் அவ்வடைப்பில் பகரம், மகரம், யகரம், ரகரம், லகரம், வகரம், ழகரம், ளகரம், றகரம் ஆகிய ஒன்பதும் விடுபடும். வேண்டாத ஜகரம் நுழையும்.

சொல்லெல்லை பற்றிய கொள்கையும் ஆராயத்தக்கது. பைத்தான் மொழியோடு இயல்பாக வரும் சுருங்குறித்தொடர் நூலகம், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ‘சொல்லெழுத்து’ எனக் கொள்வதில்லை. அதனிடம் ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என இரு துண்டுகளே கிடைக்கும். இத்தகைய கருவியால் எடுக்கப்படும் சொல்லடைவும் சொல்லெண்ணிக்கையும் நம்பத்தக்கன அல்ல. பெர்ல் மொழி குறிகளையும் சொல்லெழுத்தாகக் கொள்வதோடு, அடியெழுத்தையும் அதன் குறிகளையும் ஒருசேரப் பற்றும் தனிக்குறியும் உடையது. தமிழுக்குக் கருவி தேர்வோர் இவ்வேறுபாட்டை முதலில் நோக்க வேண்டும்.

ஒரு வடிவம், இரண்டு எழுத்து

பழைய எழுத்துருக் குறியீடுகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் வடிவங்களைச் சேமித்தன. ஔகாரக் குறியின் வலப்பாகமாக ளகர வடிவமே பலவிடத்தும் தட்டச்சாயிற்று. அந்நிலையில் ‘கௌ’ என்பதும், ‘கெ’, ‘ள’ என்னும் இரண்டெழுத்தும் ஒரே மூன்று வடிவங்களின் கோவையாகிவிடும். மாற்றி எது எனத் தீர்மானிக்க அக்கோவையில் சான்றேதும் இல்லை.

ஔகாரமெனத் தீர்மானித்த மாற்றிகளின் விளைவே மின்னூல்களிலும் இணையத்திலும் காணப்படும் ‘வௌியே’, ‘தௌிவு’, ‘வௌ்ளம்’ என்னும் வடிவங்கள். திரையில் இவை ஓரளவு சரியாகவே தோன்றும். சில கருவிகளில் மட்டும் புள்ளிவட்டம் இடையே தலைகாட்டும். ‘வெளியே’ எனத் தேடுவோருக்கு இவை அகப்படா. மறுதலையாகத் தீர்மானித்தபோது ‘கெளதமன்’, ‘மெளனம்’, ‘ஒளவையார்’ என்பன தோன்றின. கண்ணுக்குப் புலப்படாத பிழையாதலின் மெய்ப்புத் திருத்துவோரும் இவற்றைக் கடந்துவிடுகின்றனர்.

இங்கே சுருங்குறித்தொடரின் வலிமையும் எல்லையும் ஒருங்கே விளங்கும். ஒரு மெய்யின்மேல் இரண்டு உயிர்க்குறிகளோ, உயிர்க்குறியும் புள்ளியுமோ அமைதல் தமிழில் இல்லை. எனவே ஔகாரக் குறியை அடுத்து மற்றொரு குறியோ புள்ளியோ வருமிடமெல்லாம் ஐயமின்றிப் பிழை. அவ்விடங்களில் ஔகாரக் குறியை எகரக் குறியும் ளகரமுமாகப் பிரித்தெழுதும் ஒரே விதி ‘வௌியே’, ‘வௌ்ளம்’ ஆகிய அனைத்தையும் திருத்தும். அதற்கு முன் ஒகர ஓகாரக் குறிகள் இருபாகமாகப் பிரிந்தெழுதப்பட்டிருப்பின் அவற்றை ஒன்றாக்கி நெறிப்படுத்த வேண்டும். இல்லையேல் இருகுறித் தொடர்களைத் தேடும்போது பிழையற்ற ‘கொ’வும் பிழையெனச் சிக்கும்.

மறுபக்கத் திருத்தம் எளிதன்று. ‘ஒள’ என வருவதையெல்லாம் ‘ஔ’ ஆக்கினால் ஒளவையார் திருந்துவார், ‘ஒளி’ கெடும். ‘ஒளவ’ எனச் சூழலோடு சேர்த்துக் குறித்தால் இவ்விடர் நீங்கும். ‘ெள’ என்பதைப் பொறுத்தவரை, அடுத்துக் குறியோ புள்ளியோ வராதபோது மட்டும் மாற்றுக என விதி வகுப்பதுண்டு. ‘வெள்ளம்’, ‘தெளிவு’ ஆகியன காக்கப்பட்டு, ‘மெளனம்’, ‘பெளர்ணமி’, ‘வெளவால்’ ஆகியன திருந்துவதால் இவ்விதி நிறைவுடையதாகவே தோன்றும். எழுத்துத்தமிழ் நூல்களில் பெரிதும் அவ்வாறே.

வழக்குகளின் அழிவு

அவ்விதியைப் புனைகதையின்மேல் செலுத்தும்போது அதன் குறை வெளிப்படும். பேச்சுவழக்கில் ‘கிளம்பு’ என்பது ‘கெளம்பு’ ஆகும். ‘விளக்கு’ என்பது ‘வெளக்கு’ ஆகும். ‘விளையாட்டு’ என்பது ‘வெளையாட்டு’ என்றும் ‘வெளயாட்டு’ என்றும் வரும். ‘கெளம்பினான்’ என்பதிலும் ‘கெளதமன்’ என்பதிலும் முதல் மூன்று குறியிடங்கள் ஒன்றே. இரண்டிலும் அடுத்து நிற்பது குறியற்ற ஓர் எழுத்தே. வடிவம் மட்டும் நோக்கும் கோலம் இவற்றைப் பிரித்தறியாது. கரிசல் வழக்குக்கு அகராதி தொகுத்த கி. ராஜநாராயணன் போன்றோரின் மரபில் வந்த எழுத்துகளை இவ்விதி தொட்டால், பாத்திரத்தின் நாவில் இயல்பாய் எழும் ‘கெளம்பு’, எவரும் ஒலிக்காத ‘கௌம்பு’ ஆகும். பின்னொரு நாள் வட்டார வழக்கை ஆராய்வோர் அதனைச் சான்றாகக் கொண்டு மயங்கவும் கூடும்.

எழுத்துக்கூட்டலை ஒருமைப்படுத்தும் மாற்றுகள் இதனினும் கவலைக்குரியன. ‘அய்’ என்பதை ‘ஐ’ ஆக்கும் விதி எளிதாகத் தோன்றும். பெரியார் வழிவந்த இதழ்களிலும் நூல்களிலும் ‘அய்’ என்பது கொள்கையின்பாற்பட்ட தெரிவு. அதனை மாற்றுவது ஆசிரியரின் நிலைப்பாட்டையே அழிப்பதாகும். ஈழத்தமிழர் ஆங்கில டகர ஒலியை ரகர றகரங்களால் எழுதும் மரபுடையவர். ‘ரெலிபோன்’ என்பதும் கனடாத் தமிழரின் ‘ரொறன்ரோ’ என்பதும் அம்மரபின. இவற்றைப் பிழையெனக் கருதித் தமிழக வழக்குக்கு மாற்றும் பட்டியல், புலம்பெயர் இலக்கியத்தின் பிறப்பிட அடையாளத்தைச் சத்தமின்றித் துடைத்துவிடும். தேடலுக்கு ஒருமை தேவையெனின், மாற்று வடிவங்களை நூலுக்குள் திணிக்காமல் தேடுபொறியின் அகராதியில் இணைத்தல் போதுமானது.

இலக்கண ஒப்பீட்டின் எல்லை

நிலைமொழி ஈற்றையும் வருமொழி முதலையும் நோக்கித் திரிபு கூறும் தொல்காப்பியப் புணர்ச்சி விதிகளைச் சூழல்சார் மாற்றுவிதிகளோடு ஒப்பிடும் போக்கு தமிழ்க் கணினி ஆய்வுகளில் உண்டு. சூழல் நோக்கித் திரிபு கூறும் அளவில் அவ்வொப்புமை பொருந்தும். ஆயினும் தொல்காப்பியர் வேற்றுமைப் புணர்ச்சி, அல்வழிப் புணர்ச்சி எனப் பகுத்தே விதி கூறுகிறார். இரு சொற்களுக்கிடையிலான பொருளுறவை அறியாமல் அப்பகுப்பு இயலாது. எழுத்து வடிவமன்றி வேறொன்றும் காணாத கோலத்துக்கு அவ்வறிவு இல்லை. ‘கெளம்பு’, ‘கெளதமன்’ ஆகியவற்றைப் பிரிக்க இயலாமையும் இதே குறையின் விளைவு. ஒப்புமையைப் பெருமிதமாக மட்டும் கூறி இவ்வெல்லையைச் சுட்டாது விடுதல் ஆய்வுக்குத் துணைசெய்யாது.

பதிப்பு நெறி

சாமிநாதையர் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தந்தார். அவர் தீர்ப்பை ஏற்காதவரும் அவர் கண்ட பாடத்தைக் காணலாம். கட்டளைவரித் திருத்தம் அவ்வாறு அடிக்குறிப்பு இடுவதில்லை. எனினும் கையால் செய்யும் திருத்தத்தைவிட இதற்கு ஒரு மேன்மை உண்டு. செய்த விதிகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். அக்கோப்பை மூலத்தின்மேல் மீண்டும் இயக்கினால் அதே விளைவு கிடைக்கும். விசைப்பலகையில் அமர்ந்து ஒவ்வொன்றாகத் திருத்துபவரின் முடிவுகள் அவரோடு மறையும். விதிக்கோப்போ எவரும் படித்து மறுக்கத்தக்க சான்றாக நிற்கும்.

விதிக்கோப்பு மட்டும் போதாது என்பதும் உடன் கருதத்தக்கது. இரண்டு வடிவங்களை ஒன்றாக்கும் விதி மீளமுடியாதது. மூலத்தில் ‘ெள’ நின்ற இடமும் ‘ௌ’ நின்ற இடமும் ஒரே வடிவமான பின், விதியைத் திருப்பி இயக்கினாலும் பழைய வேறுபாடு திரும்பாது. எனவே மூலக் கோப்பின்மேல் நேரடியாக எழுதுதல் ஓலையைப் படியெடுத்தபின் எரிப்பதை ஒக்கும்.

இவ்வடிப்படையில் மின்பதிப்புக்குச் சில நெறிகள் கொள்ளத்தக்கன. உள்ளிட்ட வடிவத்தைத் திருத்தாமல் காத்தல் முதலாவது. குறிகளை நெறிப்படுத்திய பின்னரே தேடத் தொடங்குதல் இரண்டாவது. மாற்றுவதற்கு முன் கிரெப் கொண்டு பொருந்துமிடங்களை எல்லாம் பட்டியலிட்டுப் படித்தல் மூன்றாவது. ஐயமற்ற விதிகளை மட்டும் தானாக இயக்கி, ஐயமுள்ளவற்றைச் சொற்பட்டியல் வழியாகவோ மொழியறிந்தார் கண் வழியாகவோ தீர்த்தல் நான்காவது. விதிக்கோப்பை மின்னூலோடு சேர்த்தே வெளியிடுதல் ஐந்தாவது.

முடிவுரை

சுருங்குறித்தொடர் வழித் திருத்தம் தமிழ் மின்னூல்களுக்கு இன்றியமையாதது. லட்சக்கணக்கான வரிகளில் பரவிய ஒரே வகைப் பிழையை மனிதக் கையால் களைதல் நடைமுறையில் இயலாது. அதன் குற்றங்களெனக் கூறப்பட்டவற்றுள் பெரும்பாலானவை, கருவி எண்ணும் அலகைத் தமிழெழுத்தென மயங்குவதாலும், பதிப்புத் தீர்ப்பைத் துப்புரவுப் பணியாகக் கருதுவதாலும் நேர்வன. ‘ெள’ என்பதை ‘ௌ’ ஆக்குவதும் பாடம் தேர்தலே. அச்சுப் பதிப்பில் பாடம் தேர்ந்தவர் தம் பெயரையும் காரணத்தையும் முகவுரையில் எழுதினார். மின்பதிப்பில் தேர்பவரும் அப்பொறுப்பை ஏற்கும்போதே, அந்நூலை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் தாம் காட்டுவது ஆசிரியரின் சொல்லா, ஒரு கட்டளையின் விளைவா என்பதைத் தெளிந்து எழுத முடியும்.