சொற்பொருளும் வர்க்கமும்

சொற்பொருள் மாற்றத்தை உயர்பொருட்பேறு, இழிபொருட்பேறு என மொழிநூலார் வகுப்பர். ஆயின் உயர்ந்த சொல் யாரைக் குறித்தது, இழிந்த சொல் யாரைக் குறித்தது என வினவாத ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சியே.

இலத்தீனிலிருந்து ஆங்கிலம் பெற்ற சில சொற்களை நோக்குவோம். 'வில்லா' என்பது பண்ணை வீடு. பண்ணையைச் சார்ந்து உழைத்தவன் இடைக்கால இலத்தீனில் 'வில்லானுஸ்' எனப்பட்டான். 1086ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட நிலக் கணக்கேட்டில் தொகையால் மிக்கோர் இவ்வுழவரே. அச்சொல்லே 'வில்லன்' ஆகிக் கயவனைக் குறிக்கலாயிற்று. நம் திரைப்படங்கள்வரை அப்பொருளிலேயே வந்து சேர்ந்தது. மறுபுறம், ஒரே குலத்தவன் எனப் பொருள்பட்ட 'ஜென்டிலிஸ்', ஆங்கிலத்தில் 'ஜென்டில்' ஆகி முதலில் உயர்குடிப் பிறப்பையும் பின்னர் மென்மைப் பண்பையும் குறித்தது. உழுதவன் கயவனானான், உழுவித்தவன் பண்பாளனானான்.

1960இல் வெளிவந்த சொல்லாராய்ச்சி நூலில் சி. எஸ். லூயிஸ் இப்போக்கைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். அந்தஸ்தைக் குறித்த சொற்கள் காலப்போக்கில் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொற்களாகின்றன என்றார். அது அவர் செய்த பெரும்பணி. ஆனால், மேலோர் குணத்திலும் மேலோராயிருப்பர் என்ற மக்கள் நம்பிக்கையையும் அவர் இதற்கொரு காரணமாகக் கொண்டார். இதனை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. அந்நம்பிக்கையை விதைத்தவர் யார்? எழுத்தறிவு யார் கையில் இருந்தது? தன்னைக் குறித்த சொல் வசையாவதை உழவன் விரும்பியிருப்பானா?

இலக்கியத் திறனாய்வும் இதற்கு விலக்கன்று. உரோமானியச் சொத்துக் கணக்கெடுப்பில் முதல் வகுப்பினன் 'கிளாசிக்குஸ்'. பிள்ளைகளையன்றி அரசுக்கு ஈவதற்கு ஏதுமற்ற ஏழை 'புரொலெத்தாரியுஸ்'. இரண்டாம் நூற்றாண்டினரான அவுலுஸ் கெல்லியுஸின் நூலில், மொழிவழக்குக்குச் சான்றாகக் கொள்ளத்தக்க எழுத்தாளன் முன்னவனைப் போன்றவன், பின்னவனைப் போன்றவன் அல்லன் என்ற கருத்து இடம்பெறுகின்றது. 'கிளாசிக்' என இன்று நாம் போற்றும் சொல்லின் பிறப்பு இதுவே. செல்வரின் வரிசை இலக்கியத்தின் தராதரமாயிற்று.

இதனால் பழம்பெரும் நூல்களைப் புறக்கணிக்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. அவற்றின் பெருமையை அவற்றிலுள்ள வாழ்க்கையைக் கொண்டு நிறுவ வேண்டுமேயன்றி, பட்டத்தைக் கொண்டு நிறுவலாகாது என்பதே நம் கருத்து.

சொல்லின் விதி மாற்றவியலாததுமன்று. ஏழ்மையின் அடையாளமாயிருந்த 'புரொலெத்தாரியுஸ்' என்னும் சொல்லின் வழிவந்த பெயரையே, 1848ஆம் ஆண்டுக் கம்யூனிஸ்டு அறிக்கையில் மார்க்சும் ஏங்கெல்சும் வரலாற்றை மாற்றவல்ல வர்க்கத்தின் பெயராக முழங்கினர். அச்சொல்லை உயர்த்தியது அகராதியன்று, தொழிலாளர் இயக்கம். மாணவர்க்குச் சொற்பொருள் கற்பிக்கும்போது இவ்வரலாற்றையும் சேர்த்துக் கற்பிப்பது ஆசிரியராகிய நமது கடமையாகும்.