‘இடம்’ என்னும் சொல்: விவிலிய வீரன் ஈத்தாயும் புறநானூற்று நட்பும்

முன்னுரை

தலைவன்மீது வீரன் கொள்ளும் பற்றினைத் தமிழ் மரபு பெரும்பாலும் ‘செஞ்சோற்றுக்கடன்’ என்னும் கருத்தால் விளக்கிவந்துள்ளது. கம்பனின் கும்பகருணனும் வில்லிபாரதத்துக் கன்னனும் இதற்கு நிலைபெற்ற சான்றுகள். உண்ட சோற்றிற்கு உயிரை ஈடாகத் தருவது இங்கு அறமாகிறது. ஆயின், தீர்க்க வேண்டிய கடனே இல்லாதபோது பற்று எதன்மேல் நிற்கும்? விவிலியத்தில் அதிகம் பேசப்படாத ஈத்தாய் என்னும் வீரனைக் கோப்பெருஞ்சோழன் தொடர்பான புறநானூற்றுப் பாடல்களோடு ஒப்பிட்டு, இவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

ஈத்தாயின் மறுமொழி

ஈத்தாயின் நிகழ்வு சாமுவேலின் இரண்டாம் நூல் 15ஆம் அதிகாரத்தில் இடம்பெறுகிறது. மகன் அப்சலோமின் கிளர்ச்சியால் தாவீது எருசலேமை விட்டு வெளியேறுகிறான். காத் நகரிலிருந்து வந்த 600 பேர் அவனுடன் செல்கின்றனர். காத் பெலிஸ்தியரின் நகரம், கோலியாத்தின் ஊர். அந்நகரத்தவனாகிய ஈத்தாயைத் தாவீது திரும்பிப் போகச் சொல்கிறான். அவன் அயலான் என்பதும் நேற்று வந்தவன் என்பதும் தாவீது கூறும் காரணங்கள். ஈத்தாய் மறுக்கிறான், இறப்பிலும் வாழ்விலும் அரசன் இருக்கும் இடத்திலேயே தானும் இருப்பதாக ஆணையிடுகிறான். இறப்பை முன்னும் வாழ்வைப் பின்னும் வைத்து அவன் பேசுவது கருதத்தக்கது.

எபிரேய மூலத்தில் ‘இடம்’ எனப் பொருள்படும் ‘மாகோம்’ என்னும் சொல் இவ்வுரையாடலின் அச்சாக அமைகிறது. ‘உன் இடம்’ என்று தாவீது சுட்டுவது பிறந்த ஊரை. ஈத்தாய் அச்சொல்லையே எடுத்து, அரசன் இருக்கும் இடம் என மாற்றிப் பொருள் தருகிறான்.

இதற்கு ஒரு முன்வரலாறும் உண்டு. சவுலுக்கு அஞ்சிய தாவீது ஒருகாலத்தில் 600 பேருடன் காத் அரசன் ஆகீசிடம் அடைக்கலம் புகுந்தவன். பெலிஸ்தியத் தலைவர்கள் அவனை நம்பாமல் போர்க்களத்திலிருந்து திருப்பி அனுப்பினர் (1 சாமுவேல் 27, 29). அன்று ஐயத்தால் திருப்பி அனுப்பப்பட்டவன், இன்று அதே ஊரானை இரக்கத்தால் திருப்பி அனுப்ப முயல்கிறான்.

கோப்பெருஞ்சோழனும் இருவரும்

புறநானூறு 213ஆம் பாடல் கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு பொர எழுந்ததைக் காட்டுகிறது. மகனால் துயருறும் தந்தை என்னும் சூழல் இரு இலக்கியங்களுக்கும் பொதுவாகிறது. சோழன் வடக்கிருந்தபோது பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் வருவார் என உறுதியாக நம்பி, அவருக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறான் (216). அவர் வந்து உடன் உயிர்துறக்கிறார். உணர்ச்சி ஒன்றினால் நட்புக்குப் பழக்கம் வேண்டுவதில்லை என்னும் 785ஆம் குறளுக்குப் பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டுகிறார். நேற்று வந்தவன் என்னும் தாவீதின் காரணத்திற்கும் இதுவே விடையாகும்.

பொத்தியாரின் நிலை வேறு. மகன் பிறந்தபின் வருமாறு அரசன் கூற, அவர் திரும்பிச் செல்கிறார். பின்னர் வந்து, நடுகல்லாகிவிட்ட சோழனிடம் தமக்குரிய இடம் யாது எனக் கேட்கிறார் (222). பொத்தியாரைப் பிறக்கவிருந்த மகனை முன்னிட்டு அரசன் அனுப்பினான். ஈத்தாயோ தன்னோடிருந்த சிறுவர்களையும் உடன்கொண்டே கடந்து செல்கிறான். அரசன் சொற்படி நடந்தவர் பொத்தியார். அரசன் சொல்லை மறுத்தவன் ஈத்தாய். இருவரும் பற்றுடையோரே. ஆகவே பற்று என்பது கீழ்ப்படிதலின் மறுபெயர் அன்று எனத் துணியலாம்.

வேறுபாடு ஒன்றும் உண்டு. பிசிராந்தையார் சாவில் பங்குகொண்டார். ஈத்தாய் செயலில் பங்குகொண்டான். படையின் மூன்றில் ஒரு பங்கு அவன் தலைமையில் அனுப்பப்படுகிறது (2 சாமுவேல் 18:2). இப்போருக்குப்பின் அவன் பெயர் வருவதில்லை. அதே நூலின் 23ஆம் அதிகாரத்து வீரர் பட்டியலிலுள்ள ஈத்தாய் பென்யமீன் குலத்தவன். புகழ்ப் பட்டியலில் இடம் பெறாமையே இவனது பற்றின் கடனற்ற தன்மைக்குப் பொருத்தமான முடிவாகிறது.

வாசிப்போரின் இடம்

இப்பகுதி பெங்களூரின் அல்சூரை அடுத்த ஜோகுபாளையம் போன்ற இடங்களில் தனிப்பொருள் பெறுகிறது. 1809இல் பிரித்தானியப் படைநிலை அமைந்தபின் இந்நகரில் தமிழர் குடியேற்றம் பெருகியது. ஊர்ப்பெயரிலுள்ள ‘பாளையம்’ என்னும் சொல்லுக்குப் படைவீடு என்னும் பொருளுண்டு. தமிழ் விவிலியமும் படைவீட்டைப் ‘பாளயம்’ என்றே வழங்குகிறது. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டி இந்நகரத் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. திரும்பிப் போ என்பது தாவீதின் வாயில் பரிவு. கும்பலின் வாயில் மிரட்டல். எனினும், ஒருவனது இடம் அவன் புறப்பட்டு வந்த ஊரே என்னும் எண்ணம் இரண்டிலும் உள்ளது. ஈத்தாயின் மறுமொழி அவ்வெண்ணத்தையே மறுக்கிறது. அல்சூர் ஏரியருகே மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகளுக்குப்பின், 9.8.2009 அன்று திறக்கப்பட்டது. இடம் தருவோரும் இணங்கினால்தான் ஒருவர் தேர்ந்த இடம் அவருடையதாகும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

செஞ்சோற்றுக்கடன் பெற்றதற்கு ஈடு செய்கிறது. ஈத்தாயின் பற்றோ, விலகிச் செல்லும் உரிமை கையளிக்கப்பட்டபின் பிறக்கிறது. பிசிராந்தையாரின் நட்பும் இவ்வகையினதே. அயலான் எனப்படுபவனது பற்றினைப் பிறப்பிடத்தால் அளத்தல் தகாது என்பதே இவ்விரு மரபுகளும் ஒன்றுபட்டு உணர்த்தும் பாடமாகும்.