நந்தனாரும் கிந்தனாரும்

நகைச்சுவை என்றால் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு எழுந்துபோவது என்றே நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1949-ல் "நல்லதம்பி" படத்தில் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபத்தையும் அவ்வாறே கேட்டுவிடுகின்றனர். நாம் அங்ஙனம் விட ஒருப்படோம்.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சிதம்பரம் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டு நிற்கிறார். அவ்வேதியர் பெரியபுராணத்தில் இல்லை, பாரதியார் படைத்தவர். ஜொகூர்ச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாயிருந்து, லீவு கேட்டு நிற்போர் முகத்தை நாள்தோறும் காணும் நமக்கு அப்படைப்பு எவ்வளவு மெய் என்பது விளங்கும். கிந்தனும் ஏங்குகிறான், ஆனால் பட்டணத்துப் படிப்புக்கு. சிப்ளாக்கட்டையும் பாகவதர் தோரணையும் பழையனவே. போகும் ஊர்தான் வேறு. இதனைச் சமயநிந்தை என்பார் மூலத்தைக் கேட்டறியாதவர்.

சேக்கிழார் காட்டும் நந்தனார் தீயில் மூழ்கிப் பூணூல் மார்பினராய் எழுந்த பின்னரே தில்லைக் கோயிலுட் புகுந்தார். கிந்தனோ பிறந்த உடம்போடே கல்வியதிகாரியாகத் திரும்புகிறான், ஊர்தான் மாறவேண்டியதாயிற்று. கலைவாணரின் துணிவு இங்கேதான்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கிந்தன் ரயிலேறிவிட்டான், அவனோடு ஏறாதவர் கதையை யார் பாடுவது? சென்ற மாதம் தோட்டக் கோயில் மண்டபத்தில் இதனைப் போட்டுக் கேட்டபோது நாமும் சிரித்தோம். மறுநாட் காலை, மகனைக் கல்லூரியிற் சேர்க்க இரண்டு நாள் லீவு வேண்டி ஒருவர் வந்து நின்றார். நம் கை, வழக்கம்போல், சம்பளம் வெட்டும் பத்தியைத் தேடிற்று.