பாலையும் தளிரும்
ஊழிக்குப் பிந்திய உலகைக் காட்டும் அசைவூட்டத் திரைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஊழியழிவு பற்றிய சிந்தனை தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறும். எனினும் அக்காப்பியம் அழிவோடு நின்றுவிடுவதில்லை. மணிபல்லவத்திற் பெற்ற அமுதசுரபியைக் கையிலேந்திப் பசித்தோர்க்கு உணவளிக்கும் ஒரு பெண்ணையே அது தன் மையமாகக் கொள்கிறது. சிலப்பதிகாரமோ பாலையைத் தனியொரு நிலமாகக் கொள்ளவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து எய்தும் நிலையே பாலை என்பது இளங்கோவின் கருத்து. இயல்பு திரிந்த நிலம் இயல்புக்கு மீளவும் கூடும். பாழ்பட்ட உலகில் மனிதன் யாது செய்வான் என வினவும் அசைவூட்டத் திரைப்படங்களை மதிப்பிடுதற்கு இக்கருத்து ஏற்றதோர் அளவுகோலாகும். நிலம் எதனால் இயல்பு திரிந்தது? அதனை மீட்கும் பொறுப்பு யாருடையது? இவ்விரு வினாக்களுக்கும் ஒரு படம் அளிக்கும் விடையைக் கொண்டே அது தரும் நம்பிக்கை மெய்யானதா, மலிவானதா என்பது துணியப்படல் வேண்டும்.

அசைவூட்டப் படமென்றால் சிறுவர்க்குரிய வேடிக்கை என்ற எண்ணம் கற்றோரிடையேயும் உண்டு. 1983ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த ‘வெறுங்கால் கென்’ அவ்வெண்ணத்தைத் தகர்க்க வல்லது. 1945 ஓகஸ்ட் 6ஆந் திகதி ஹிரோசிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது ஆறு வயதுச் சிறுவனாயிருந்து, தந்தையையும் உடன்பிறந்தோரையும் பறிகொடுத்த கெய்ஜி நக்கசாவா வரைந்த சித்திரக்கதையே இப்படத்தின் மூலம். இங்கு ஊழி கற்பனை அன்று, வரலாறு. மிதிக்கப்பட்டும் நிமிரும் கோதுமைப் பயிரைப் போல வாழுமாறு கென்னின் தந்தை மக்களுக்குக் கற்பிக்கிறார். இறுதியில் கருகிய மண்ணிற் கோதுமை முளைக்கிறது. இவ்வளவில் நின்றிருப்பின் இப்படம் ஒரு நீதிக்கதையாக முடிந்திருக்கும். ஆனால், உடல் வெந்து கிடக்கும் ஓவியன் ஒருவனை அவனது உறவினரே அருவருத்து ஒதுக்குவதையும் இப்படம் மறைக்கவில்லை. அவனைப் பராமரிப்போர் கூலிக்கு வந்த கென்னும் அவனோடு சேர்ந்த அநாதைச் சிறுவனுமே. பெற்ற கூலியிற் பாலை வாங்கிக்கொண்டு அவர்கள் வீடு திரும்பும்போது கைக்குழந்தையான தங்கை இறந்துவிடுகிறாள். மனித இயல்பின் இழிவும் உயர்வும் ஒரே தெருவிற் காட்டப்படுகின்றன. இழப்பை ஈடுசெய்யாத நம்பிக்கை இது, ஆகவேதான் நம்பத்தக்கதாகிறது.

அடுத்த ஆண்டில், 1984இல், ஹயாவோ மியசாக்கி இயக்கிய ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிக்கா’ வெளிவந்தது. உலகை எரித்த பெரும்போர் நிகழ்ந்து ஆயிரம் ஆண்டுகள் கழிந்த காலம். நிலத்தின் பெரும்பகுதியை நச்சுக்காடு மூடியுள்ளது. எஞ்சிய அரசுகளுள் ஒன்று, உலகை அழித்த அதே ஆயுதத்தை மீண்டும் எழுப்பிக் காட்டை எரிக்க முனைகிறது. இளவரசி நௌசிக்காவோ நிலத்தடியில் ஓர் அறை அமைத்து, ஆழ்கிணற்றின் தூய நீரில் அக்காட்டுச் செடிகளை வளர்க்கிறாள். அவை நஞ்சு உமிழவில்லை. நஞ்சு செடியில் இல்லை, மனிதர் கெடுத்த மண்ணிலேயே உள்ளது என்பதை அவள் உணர்கிறாள். காடு அம்மண்ணைத் தூய்மையாக்கும் பணியையே செய்துகொண்டிருக்கிறது. பாலை பற்றிய இளங்கோவின் கருத்துக்கு இதனிலும் அணுக்கமான திரைவடிவம் காண்டல் அரிது. நௌசிக்காவும் குற்றமற்ற தெய்வப்பெண்ணாகப் படைக்கப்படவில்லை. தந்தை கொல்லப்பட்ட வெறியில் வீரர்களை வெட்டி வீழ்த்தும் அவள், பின்னர் தன் வெறுப்பைக் கண்டு தானே அஞ்சுகிறாள். அவ்வச்சத்திலிருந்தே அவளது கருணை பிறக்கிறது. மாண்டவள் உயிர்த்தெழும் இறுதிக் காட்சி படத்தின் குறையெனலாம்; அற்புதம் மனித முயற்சியின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது. காட்டின் அடியில், தூய மணலில், அவளது தலையணியின் அருகே முளைத்து நிற்கும் சிறு தளிரே படத்தின் உண்மையான முடிவு.

இவற்றோடு ஒப்புநோக்கத்தக்கது 2008இல் அமெரிக்காவில் அன்ட்ரூ ஸ்ரான்ரன் இயக்கிய ‘வோல்-ஈ’. குப்பை மூடிய பூமியை விட்டு மனிதர் விண்கலமேறி எழுநூறு ஆண்டுகள் ஆகின்றன. தனித்து உழைக்கும் துப்புரவு இயந்திரம், பழைய திரைப்படமொன்றிற் காதலர் கைகோப்பதைக் கண்டு அன்பைக் கற்கிறது. மனிதர் மறந்த மனித இயல்பை இயந்திரம் காத்து வைத்திருப்பது ஆழ்ந்த கற்பனையே. பழைய சப்பாத்தொன்றில் நடப்பட்ட சிறுசெடி மனிதரைப் பூமிக்கு மீட்கிறது. ஆயினும், பூமியைக் குப்பையாக்கிய வணிக நிறுவனத்தைப் பற்றி முதலில் அங்கதம் பேசும் இப்படம், முடிவில் அதனிடம் கணக்குக் கேட்பதில்லை. குகையோவியம் முதலாக வரலாறு புதிதாகத் தொடங்குவதாய் இறுதிச் சித்திரங்கள் காட்டுகின்றன. கடன் தீர்க்கப்படாமலே கணக்கேடு மாற்றப்படுகிறது. இது மலிவான நம்பிக்கையின் சாயல்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இப்படங்களை நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு வெறும் அழகியற் பிரச்சினை அன்று. 1981 மே 31ஆந் திகதி இரவு மூட்டப்பட்ட தீயிற் பொது நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. கட்டடம் மீண்டும் எழுந்துள்ளது. எரிந்த ஏட்டுச்சுவடிகள் மீளவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தனர். இவற்றிடையே, 1985இல் வெளிவந்த ஈழத்துக் கவிதைத் தொகுதி ‘மரணத்துள் வாழ்வோம்’ என்னும் பெயரைத் தாங்கியது. மரணத்தின் பின் என்றன்று, மரணத்துள் என்பது மனங்கொள்ளத்தக்கது. அழிவு முடிந்துவிட்டது, இனி எல்லாம் புதிது என்னும் ஆறுதலை அப்பெயர் மறுக்கிறது. நஞ்சு போரினால் மட்டும் வருவதன்று என்பதையும் இம்மண் அறியும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்தமை பற்றி 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த முறைப்பாடுகளை அறிந்தோர்க்கு, நௌசிக்காவின் கிணற்றடிச் சோதனை அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது.

எனவே, நம்பிக்கை என்பது நன்மையே விளையும் என்னும் எதிர்பார்ப்பு அன்று. கேட்டின் காரணத்தை மறவாது, அதிலே தன் பங்கையும் ஒப்பி, மீட்கும் வேலையை மேற்கொள்வதே நம்பிக்கை. பனங்கொட்டையை நடுபவன் அம்மரத்தின் பழத்தைத் தான் உண்பது நிச்சயமில்லை, எனினும் நடுகிறான். பாழ்நிலத்தில் ஒரு தளிரைக் காட்டுதல் எந்தக் கலைஞனுக்கும் எளிது. அத்தளிர் எந்த மண்ணில் நிற்கிறது, அம்மண்ணைக் கெடுத்தவர் யார், அதற்கு நீர் வார்ப்பவர் யார் என்பனவற்றையும் காட்டும் படைப்பே மனிதனை மதிக்கும் படைப்பாகும்.