வழிநூலின் வழக்கு: ‘தி வீல் ஆஃப் டைம்’

2025 மே மாதம் அமேசான் பிரைம் வீடியோ ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரை மூன்றாவது சீசனோடு நிறுத்தியது. ரசிகர்களில் இரு தரப்பாருமே ‘நாங்கள் அப்போதே சொன்னோம்’ என்றார்கள். மூலத்தைக் கெடுத்தவர்களுக்கு இதுதான் கிடைக்கும் என்றது புத்தகக் கட்சி. முதல் நாளிலிருந்து தூற்றித் தூற்றியே நல்ல தொடர் ஒன்றைச் சாகடித்துவிட்டீர்கள் என்றது தொடர்க் கட்சி. நிறுத்தும் முடிவு செலவுக் கணக்கைச் சேர்ந்தது. அதை இலக்கியத் தீர்ப்பாக யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள முடியாது. நிறுத்தப்பட்டது, மூன்றிலும் விமர்சகர்கள் அதிகம் பாராட்டிய சீசனுக்குப் பிறகு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எனவே வழக்கைப் புதிதாகத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் மூலத்தின் அளவைப் பார்த்துவிடலாம். ராபர்ட் ஜோர்டன் என்ற புனைபெயரில் எழுதியவர் அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. முதல் நாவலான ‘தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்’ 1990இல் வந்தது. 2007இல் அவர் இறந்தபோது 11 நாவல்கள் வெளியாகியிருந்தன. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதிய மூன்றோடு 2013இல் வரிசை முடிந்தது. மொத்தம் 14 நாவல்கள், தவிர ஒரு முன்கதை. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், 2,000க்கும் அதிகமான பாத்திரங்கள். இந்த மலை முழுக்கப் பொன் என்று தீவிர வாசகர்களும் சொல்லமாட்டார்கள். ஏழாவதிலிருந்து பத்தாவது வரை கதை சவ்வாக இழுபடுகிறது. பத்தாவதான ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்’டில் (2003), முந்தைய நாவலின் கடைசியில் நடந்த ஒரு சம்பவத்தை ஆளுக்கொரு மூலையிலிருந்து உணர்ந்து வியந்துகொண்டிருப்பதிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. பெண் பாத்திரங்கள் கோபம் வந்தால் பின்னலை இழுப்பதும் பாவாடையை நீவுவதும் எத்தனை முறை என்று எண்ணுவது வாசகர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. ஆக, ‘ஒன்றையும் மாற்றாதே’ என்பது கோரிக்கையாகவே நிற்காது.

அப்படி மாற்றாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 2015 பிப்ரவரியில், அமெரிக்காவின் எஃப்எக்ஸ்எக்ஸ் சேனலில், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு ‘விண்டர் டிராகன்’ என்று ஒரு சிறு படம் முன்னறிவிப்பே இல்லாமல் ஓடியது. முதல் நாவலின் முன்னுரைக் காட்சியை ஏறக்குறைய அப்படியே எடுத்திருந்தார்கள். பட உரிமை காலாவதி ஆகாமலிருக்க அவசரமாகச் செய்த வேலை என்றே எல்லாரும் புரிந்துகொண்டார்கள். தனக்குத் தெரியாமல் இது நடந்தது என்று ஜோர்டனின் மனைவியும் அவருடைய பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல் பகிரங்கமாகச் சொன்னார். விசுவாசத்தில் குறை சொல்ல முடியாத அந்தப் படத்தில் உயிர் என்று ஒன்று இல்லை.

தொடர்க் கட்சியின் வாதம் இன்னும் சாமர்த்தியமானது. ஜோர்டனின் உலகில் காலம் ஒரு சக்கரம். ஏழு யுகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. நாவல்கள் ஒரு சுற்று என்றால் தொடர் இன்னொரு சுற்று, ஆகவே வேறுபாடுகள் அந்த உலகின் விதிப்படியே சரி என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதை ஒப்புக்கொண்டால் எந்த மாற்றத்தையும் தப்பென்று சொல்ல இடமில்லாமல் போகிறது. ஜோர்டனின் சக்கரமும் அப்படிச் சுற்றுவதில்லை. நெசவின் சின்ன இழைகள் சுற்றுக்குச் சுற்று மாறும். தள்ளி நின்று பார்த்தால் தெரியும் பெரிய கோலம் மாறாது. இந்த வாதத்தை ஒழுங்காகப் பிடித்தால் அது தொடருக்கு வைக்கும் சோதனை கடுமையாகிறது.

தமிழ் இலக்கண நூலார் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். வழிநூல் முதல்நூலின் முடிவோடு ஒத்திருக்க வேண்டும். பின்னால் வருபவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சொல்லிக்கொள்ளலாம். மரபு மட்டும் அழியக் கூடாது என்கிறது நன்னூல். தொல்காப்பியமோ தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூலின் வகைகளையே பிரித்து வைத்திருக்கிறது. சுருக்குவது குற்றமில்லை, விரிப்பதும் குற்றமில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாற்றம் கை வைத்த இடத்தில் கதை எதன் மேல் நின்றுகொண்டிருந்தது?

முதல் சீசன் (2021 நவம்பர்) விழுவது இங்கேதான். ஜோர்டனின் கதை ஒரே ஒரு சாய்வின் மேல் நிற்கிறது. உலகை இயக்கும் ஆற்றலுக்கு ஆண்பாதி, பெண்பாதி என இரண்டு பாதிகள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் டிராகன் என்று பெயர் பெற்ற வீரன் இருளோனைச் சிறையில் அடைத்தபோது, அந்த இருளோன் திருப்பி அடித்ததில் ஆண்பாதி நஞ்சானது. அன்றிலிருந்து அதைத் தொடும் ஆண் யாரானாலும் பைத்தியமாகிறான், கூட இருப்பவர்களைக் கொல்கிறான். பெண்பாதி தூய்மையாகவே இருக்கிறது. அதனால்தான் அதிகாரம் ஐஸ் செடாய் என்ற பெண்கள் அமைப்பின் கையில். உலகைக் காக்க மறுபடி பிறந்து வருபவனும் டிராகன்தான். காப்பாற்றப் போகிறவனையே கூண்டில் அடைக்க வேண்டியிருக்கிற உலகம் அது. ஆட்சி, சடங்கு, கிராமத்து வம்பு வரைக்கும் அத்தனையும் இந்தப் பயத்திலிருந்து கிளைத்தவை.

தொடர் என்ன செய்தது? மறுபிறப்பு ஆணா பெண்ணா என்று தெரியாது என ஐஸ் செடாய்களில் ஒருத்தியான மொய்ரேன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறாள். ‘இந்த இளைஞர்களில் டிராகன் யார்?’ என்ற புதிர் ஒன்று கிடைத்தது. அதற்காக அடித்தளம் விலையாகப் போனது. டிராகன் பெண்ணாக இருக்கலாம் என்றால் அவளுக்கு நஞ்சு இல்லை, பைத்தியம் இல்லை. அப்படியானால் அந்த உலகமே ‘பெண்ணாக இருக்கட்டும் சாமி’ என்று நேர்ந்துகொண்டு கிடக்க வேண்டாமா? அந்த ஏக்கம் தொடரில் எங்கும் ஒரு விசையாக மாறவே இல்லை. மொய்ரேன் இதைச் சொன்ன சூட்டோடு, ஆற்றலைத் தொட்ட ஓர் ஆணை ஐஸ் செடாய் பெண்கள் துரத்திப் பிடிக்கும் காட்சி வருகிறது. பயத்தைக் காட்டும் தொடரே சில நிமிடங்களுக்கு முன் அந்தப் பயத்தின் வேரை வெட்டியிருக்கிறது.

பெண் பாத்திரங்களுக்குச் சம இடம் தரத்தான் இந்த மாற்றம் என்று வாதாடினார்கள். ஆனால் மூலத்தில் அரியணையிலிருந்து கிராம சபை வரை பெண்கள் ஏற்கனவே அதிகாரத்தில் இருக்கிறார்கள். அதற்கு மூவாயிரம் ஆண்டு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தளர்த்திவிட்டு அதிகாரத்தை மட்டும் காட்டினால் அது அலங்காரமாகிவிடுகிறது.

இறுதி எபிசோடிலும் அதே தவறு. நாவலின் உச்சத்தில் மலைக் கணவாயில் பகைப்படையை அழிப்பவன், டிராகனாக மறுபடி பிறந்த ராண்ட். இடையன் மகன் ஒருவன் தன் கையால் என்ன முடியும் என்று பார்த்துத் தானே நடுங்கும் இடம் அது. தொடரில் அந்தப் படையை அழிப்பது பெண்கள் கூட்டாகத் திரட்டிய ஆற்றல். ராண்ட் வேறோரிடத்தில் ஒரு கனவோடு போராடிக்கொண்டிருக்கிறான். தன் அழிவாற்றலைக் கண்ணால் பார்க்காதவன், தன்னால் மற்றவர்களுக்கு ஆபத்து என்று எல்லாரையும் விட்டுப் பிரிகிறான். காரணம் சொல்லப்படுகிறது, நமக்குள் இறங்கவில்லை.

படக்குழுவுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் செக் நாட்டுப் படப்பிடிப்பு நின்றது. ராண்டின் நண்பன் மேட் பாத்திரத்தில் நடித்த பார்னி ஹாரிஸ் இடையில் விலகியதால் கடைசி இரு எபிசோடுகளில் அந்தப் பாத்திரம் காணாமல் போனது. இறுதியின் அலங்கோலத்துக்கு இவை தக்க சாக்குகள். முதல் எபிசோடிலேயே நட்டுவைத்த புதிருக்கு அல்ல.

புத்தகக் கட்சி மிக உரக்கக் கத்தியது இதற்காக அல்ல, ராண்டின் இன்னொரு நண்பன் பெரினுக்குத் திடீரென்று ஒரு மனைவியைக் கொடுத்து, முதல் எபிசோடிலேயே அவன் கையால் தவறுதலாக அவளைச் சாகடித்ததற்காக. ஆலோசகராக இருந்த சாண்டர்சனும் இதில் தனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கோபம் நியாயம்தான். வன்முறைக்கும் தனக்கும் என்ன உறவு என்று பல ஆயிரம் பக்கங்கள் தயங்கும் ஒருவனின் கேள்வியை, ஒரு பெண்ணின் சாவை வைத்து ஒரே அடியில் முடித்துவிடுவது சோம்பேறித்தனம். ஆனால் அதே பெரின் விஷயத்தில் தொடர் மூலத்தை மிஞ்சிய இடமும் உண்டு. நாவலில் டெய்ன் போர்ன்ஹால்ட் என்ற வெள்ளையங்கிப் படைவீரன், தன் தகப்பனைப் பெரின்தான் கொன்றான் என்று தப்பாக நம்பிப் பழிவாங்க அலைகிறான். இரண்டாவது சீசனின் இறுதியில் பெரின் உண்மையாகவே அந்தத் தகப்பனைக் கொல்கிறான், தன்னைக் காத்த ஓநாய் இறந்த ஆத்திரத்தில். வெறும் தவறான எண்ணத்தின் மேல் நின்ற பகை உண்மைக் குற்றத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இதைப் பாராட்டிய புத்தகக் கட்சிக்காரர்கள் குறைவு.

நிறத்தைப் பற்றிய சண்டையைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். மலைக்குள் ஒதுங்கிய கிராமத்தில் பல நிற மக்கள் எப்படி என்று கேட்டார்கள். கருங்கண், கருமுடிக்காரர்கள் நடுவில் செம்முடியும் உயரமுமாக ராண்ட் ஒருவனே அந்நியனாகத் தெரிவது நாவலில் ஒரு துப்பு. தொடரில் அது மங்கிப்போனது. இழப்புதான், சின்ன இழப்பு. உர்சுலா லெ குவினின் ‘எர்த்சீ’யை 2004இல் தொலைக்காட்சிக்கு எடுத்தபோது, செம்பழுப்பு நிற நாயகனை வெள்ளைக்காரனாக்கினார்கள், நாயகனை வெள்ளையனாகப் படைக்காததே தன் நோக்கம் என்று லெ குவின் எதிர்த்து எழுதினார். அது கதையின் எலும்பை உடைத்தது. இது அப்படியல்ல.

இரண்டாவது சீசன் (2023) தடுமாறிக்கொண்டே எழுந்து நிற்கிறது. ஆற்றல் உள்ள பெண்களைக் கழுத்துப்பட்டை போட்டு அடிமையாக்கும் ஷான்ச்சான்களிடம், ராண்டின் கிராமத்துப் பெண்ணான எக்வேன் சிக்கிக்கொள்ளும் எபிசோடில் மாயாஜாலம் அநேகமாக இல்லை. ஒரு அறை, ஒரு நீர்க்கூஜா, அதை ஆயுதமாக நினைக்கும்வரை தொட முடியாத ஒரு பெண். நாவலில் தோழிகள் வந்து விடுவிக்கிறார்கள். தொடரில் அவள் தன்னை அடக்கியவளின் கழுத்திலேயே பட்டையை மாட்டுகிறாள். பின்வந்தவன் சொல்லத்தக்க வேறுபாடு இதுவே. மேடலின் மேடன் அதற்குப் பிறகு எக்வேனின் கண்ணில் ஒரு கடினத்தை விடாமல் வைத்திருக்கிறார்; நாவலின் எக்வேன் பிற்பாடு என்னவாகப் போகிறாளோ அதற்கான விதை.

மூன்றாவது சீசனின் நான்காவது எபிசோடைப் பற்றித்தான் நின்று பேச வேண்டும். ‘தி ஷேடோ ரைசிங்’ (1992) நாவலில், பாலைவனத்து ஐயீல் குலத்தின் தலைவனாக விரும்புகிறவன் ரூயிடியன் நகரின் கண்ணாடித் தூண்களுக்குள் நடக்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் அவன் தன் முன்னோர் ஒருவரின் கண் வழியாகப் பார்க்கிறான். காலம் பின்னோக்கி ஓடுகிறது. முகத்தை மூடிக்கொண்டு கொல்லும் இந்த ஈட்டி வீரர்கள், ஆதியில் ஆயுதம் தொடுவதில்லை என்று சத்தியம் செய்த பணியாளர்கள். பசியில், இழப்பில், ஒருவர் ஈட்டி எடுத்தார். குடும்பமே அவரை ஒதுக்கியது. முறிந்த சத்தியத்தின் மேல் கட்டிய வீரம் அது. உண்மையைத் தாங்காமல் தூண்களுக்குள்ளேயே சிதைந்து போகிறவர்கள் உண்டு. வியட்நாமில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி வீரராக இருந்தவர் எழுதிய அத்தியாயங்கள் இவை என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் கனம் கூடும்.

விளைவை முதலில் காட்டிக் காரணத்துக்குப் பின்வாங்கும் இந்த உத்தியை ‘பார்வையாளர் குழம்புவார்’ என்று யாராவது நேராக்கியிருக்கலாம். ஆக்கவில்லை. சில தரிசனங்களைக் குறைத்துக்கொண்டு வரிசையைக் காத்தார்கள். உரைநடையில் ‘அவன் இப்போது இன்னொருவன்’ என்று ஒரு வரி போதும். திரையில் அதற்கு ராண்டாக நடிக்கும் ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கியே வேறு வேறு வயதில், வேறு வேறு முகத்தில் அத்தனை முன்னோர்களாகவும் வருகிறார். ரத்த உறவு என்பதை வசனம் இல்லாமல் சொல்லிவிட்ட தீர்வு. கூடவே, நாவல் கதவுக்கு வெளியே விட்டுவிட்ட மொய்ரேனின் சோதனையை உள்ளே போய்க் காட்டினார்கள். அவள் தன் எதிர்காலங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறாள், திரும்பத் திரும்பச் சாகிறாள். ராண்ட் பின்னோக்கிப் பார்க்கும் அதே வேளையில் அவள் முன்னோக்கிப் பார்ப்பது ஜோர்டன் எழுதாத இணை. எழுதியிருக்க வேண்டிய இணை. மொய்ரேனாக வரும் ரோசமண்ட் பைக் மூன்று சீசனிலும் தன் பங்கைக் குறைவில்லாமல் செய்தவர், இங்கே உச்சம் தொடுகிறார். ஒரு மணி நேரத்தில் தொகுத்தலும் விரித்தலும் ஒன்றாக நடந்திருக்கின்றன.

அந்தச் சீசனின் முடிவில் ஐஸ் செடாய்களின் தலைவி ஸ்வான் கொல்லப்படுகிறாள். நாவலில் அவள் பதவியையும் ஆற்றலையும் இழந்து, வாழ்ந்து, வேறு ஆளாகிறாள். பல நாவல்களுக்கு நீளும் அந்த வீழ்ச்சியைத் தொடரால் தாங்க முடியாது என்று முடிவெடுத்திருக்கலாம். இது நல்ல மாற்றமா என்பது அடுத்த சீசன்களில்தான் தெரிந்திருக்கும், அவை வரப்போவதில்லை. முடிவோடு ஒத்திருக்கிறதா என்ற சோதனையைச் செய்ய முடியாத வழிநூல் இது. அதனால் தீர்ப்பு இருப்பதன் மேல்தான்.

முதல் சீசன் தோல்வி. மூலத்திலிருந்து விலகியதால் அல்ல, விலகிய இடத்தை அறியாததால். இரண்டாவது, பாதி வெற்றி. மூன்றாவது, குறிப்பாக ரூயிடியன், நாவல்களைப் படித்தவர்கள் அலமாரியில் அவற்றின் பக்கத்திலேயே வைக்கத்தக்கது. படக்குழு துரோகிகள் என்ற புத்தகக் கட்சியின் குற்றச்சாட்டு தள்ளுபடி. அவர்கள் ஒவ்வொரு சீசனிலும் மூலத்தை இன்னும் ஆழமாகப் படித்திருப்பது திரையில் தெரிகிறது. ரசிகர்களின் தூற்றல்தான் தொடரைக் கொன்றது என்ற மறுதரப்புக் குற்றச்சாட்டும் நிற்காது. நாவலைத் தொட்டே இராத பார்வையாளர் ஒருவர் மூன்றாவது சீசனின் நான்காவது எபிசோடுக்கு வர, ஏன் பயப்பட வேண்டும் என்று சொல்லத் தவறிய எட்டு எபிசோடுகளை முதலில் கடக்க வேண்டும். பலர் அங்கேயே இறங்கிவிட்டார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.